இரண்டு குச்சிகளுக்கு முன்னால் நின்ற ஜான் ஸ்மால்

சென்ற வாரம் பரணை ஒழுங்குபடுத்தியபோது, கல்லூரிக் காலத்தில் வாங்கிய கிரிக்கெட் மட்டை ஒன்று பழைய பாய்களுக்கு அடியிலிருந்து வெளிப்பட்டது. கைப்பிடி ரப்பர் உதிர்ந்து, அடிப்பகுதி பிளந்து, இனி எதற்கும் உதவாத நிலையில் இருந்த அதைத் தூக்கி எறிவதற்கு முன்பு, நெடுநாளாக மனத்தில் இருந்த ஓர் ஆசையைத் தீர்த்துக்கொள்ள அளவு நாடாவை எடுத்து அதன் அகலத்தை அளந்தேன். நாலேகால் அங்குலம். உலகின் எந்த மூலையில் எந்தப் பெரிய ஆட்டக்காரர் கையில் எடுக்கும் மட்டையும் இந்த அகலத்தை மீறக் கூடாது என்பது விதி. அந்த விதி முதன்முதலில் எழுத்தில் வந்தது 1771ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில். அந்தச் சிறு தாளில் கையொப்பமிட்டவர்கள் மூவர். அவர்களில் ஒருவர், தம் கையாலேயே மட்டை செதுக்கி விற்ற ஜான் ஸ்மால் என்னும் பழைய இங்கிலாந்து ஆட்டக்காரர்.

கிரிக்கெட் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களிடம் அவர் பெயரைச் சொன்னால், பந்து இரண்டு குச்சிகளுக்கு இடையே புகுந்து போயும் ஆட்டமிழக்காமல் தப்பியவர் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த ஒரு வரி அவருக்குச் செய்யும் அநியாயம் என்னை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அவர் பெயர் ஒரு குறிப்பாகவேனும் எஞ்சியிருப்பதற்குக் காரணம் அந்த ஒருநாள் அதிர்ஷ்டம் என்று நான் நினைக்கவில்லை. மட்டை, அதன் வடிவம், அதைப் பிடித்து ஆடும் முறை, அதன் அகலம், அது காக்க வேண்டிய குச்சிகளின் எண்ணிக்கை ஆகிய அனைத்தும் மாறிக்கொண்டிருந்த ஒரு காலத்தில், அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றின் அருகிலும் இந்த மனிதர் நின்றுகொண்டிருக்கிறார். அதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

ஜான் ஸ்மால் 1737ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் இங்கிலாந்தின் தெற்கே ஹேம்ப்ஷயர் மாவட்டத்தில் எம்ப்ஷாட் என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே அருகிலுள்ள பீட்டர்ஸ்ஃபீல்டு என்னும் சந்தை ஊருக்குக் குடிவந்து, வாழ்நாள் முழுவதையும் அங்கேயே கழித்தார். அவர் கற்ற முதல் தொழில் செருப்புத் தைப்பது. பிறகு அதிலிருந்து கிரிக்கெட் மட்டையும் பந்தும் செய்யும் வேலைக்கு மாறினார். இந்த மாற்றம் எனக்கு மிக இயல்பானதாகவே தோன்றுகிறது. கிரிக்கெட் பந்து என்பது இறுகச் சுற்றிய உட்கருவின் மேல் தோலைப் பொருத்தித் தைப்பதுதான். தோலின் போக்கும் ஊசியின் இழுப்பும் அறிந்த ஒரு செருப்புத் தொழிலாளியின் கை அதற்கு வெகு எளிதில் பழகியிருக்கும். தம் வீட்டு வாசலில், இங்கே மட்டையும் பந்தும் செய்யப்படும், குச்சியை நட்டால் இங்கிலாந்தில் எவருடனும் கிரிக்கெட் ஆடவும் தயார் என்ற பொருள்பட, எதுகையோடு அமைந்த ஒரு பாட்டையே விளம்பரப் பலகையாக அவர் மாட்டிவைத்திருந்தார் என்று சொல்லப்படுகிறது. தொழிலையும் ஆட்டத்தையும் ஒரே பலகையில் எழுதிய அந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அவர் ஆடிய காலத்துக் கிரிக்கெட்டை மனத்தில் கொண்டுவர, நாம் இன்று தொலைக்காட்சியில் காணும் பெரும்பாலானவற்றை ஒதுக்கிவைக்க வேண்டும். கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி வீசும் பந்துவீச்சு அப்போது இல்லை. எல்லோரும் கையைத் தாழ்த்தியே வீசினார்கள். ஓர் ஓவருக்கு நான்கு பந்துகள். 1744ஆம் ஆண்டு விதிகளின்படி, விக்கெட் என்பது 22 அங்குல உயரமுள்ள இரண்டு குச்சிகளும் அவற்றின் தலையில் கிடந்த ஆறு அங்குல நீளமுள்ள ஒரே ஒரு குறுக்குக் கட்டையும், அதாவது பெயிலும்தான். ஆடுகளத்தைத் தனியே உருட்டிப் பதப்படுத்தும் வழக்கம் இல்லை. ஆடு மேயும் புல்வெளியில் 22 கெஜத்தை அளந்து குச்சிகளை நட்டார்கள். ஓட்டக் கணக்கு எழுதுபவர் கையில் தாளுக்குப் பதிலாக ஒரு மரக்குச்சியும் கத்தியும் இருக்கும். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் குச்சியில் ஒரு வெட்டு. அதனாலேயே அக்காலச் செய்தித்தாள்கள் ஓட்டங்களை 'வெட்டுகள்' என்றே குறித்தன.

எல்லாவற்றுக்கும் மேலாக, மட்டையே வேறு வடிவில் இருந்தது. பந்துவீச்சாளர்கள் பந்தைத் தரையோடு உருட்டி விட்ட காலத்தில், அதைத் தள்ளி அடிப்பதற்கு ஏற்ப, மட்டையின் அடிப்பகுதி முன்புறம் வளைந்து, ஏறத்தாழ நம் ஹாக்கி மட்டையைப் போல இருந்தது. லண்டன் ஓவல் மைதானத்தில் பாதுகாக்கப்படும் 1729ஆம் ஆண்டு மட்டையைப் படத்தில் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். 1760களை ஒட்டி, பந்தைத் தரையில் உருட்டாமல், மட்டையாளருக்கு முன்னால் ஓர் இடம் பார்த்துக் குத்தி எழும்பச் செய்யும் பந்துவீச்சு பரவியது. எழும்பி வரும் பந்தை வளைந்த மட்டையால் தடுக்க முடியாது. மட்டை நேராக வேண்டியிருந்தது. அதைச் செங்குத்தாகப் பிடித்து, பந்தின் போக்குக்கு நேரே கொண்டுவரும் ஆட்டமுறையும் பிறக்க வேண்டியிருந்தது. நேர்மட்டையை உருவாக்கியவர் ஜான் ஸ்மாலே என்று எழுதியவர்கள் உண்டு. இப்படிப்பட்ட மாற்றம் ஒரே மனிதரின் பட்டறையில் ஒரே நாளில் நிகழ்ந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் புதிய பந்துவீச்சைக் களத்தில் நின்று எதிர்கொண்ட அதே மனிதர், மறுநாள் காலையில் உளியும் இழைப்புளியும் எடுத்து மட்டையைச் செதுக்கவும் உட்கார்ந்தார் என்னும்போது, எந்தப் பந்து எங்கே எழும்புகிறது, மட்டையின் எந்த இடத்தில் கனம் வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியிருந்திருக்காது. நேர்மட்டையால் தடுத்தாடும் கலையில் தம் காலத்தில் அவரே தலைசிறந்தவர் என்பதில் அவரைக் கண்டவர்களுக்கு ஐயம் இல்லை.

அவர் ஆடியது ஹாம்பிள்டன் கழகத்துக்காக. ஹேம்ப்ஷயரின் ஒரு கிராமத்தின் பெயரைத் தாங்கிய அந்தக் கழகம், 1760களின் நடுவிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இங்கிலாந்துக் கிரிக்கெட்டின் தலைமையிடமாக விளங்கியது. பணம் போட்டவர்கள் பிரபுக்களும் நிலக்கிழார்களும். ஓர் ஆட்டத்துக்குப் பக்கம் ஒன்றுக்கு 500 பவுன் பந்தயம் என்பது அவர்களுக்கு வழக்கமான பேச்சு. களத்தில் ஆடியவர்களோ பெரும்பாலும் கைத்தொழிலாளர்கள். அணித் தலைவர் ரிச்சர்ட் நைரன், பிராட்ஹாஃபென்னி டவுன் என்னும் மேட்டுநில மைதானத்துக்கு எதிரே இருந்த விடுதியை நடத்தியவர். விக்கெட் காப்பாளர் டாம் சூட்டர் தச்சர். அந்த விடுதி 'பேட் அண்ட் பால்' என்ற பெயரில் இன்றும் அதே இடத்தில் நிற்கிறது.

ஸ்மாலின் பெயர் செய்தித்தாளில் பளிச்சென்று தெரியும் முதல் தருணம் 1768. கென்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தில் பீட்டர்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த ஸ்மால் தம் மட்டையிலிருந்து மட்டும் ஏழு இருபதுகளுக்கு மேல், அதாவது 140க்கு மேல், வெட்டுகள் சேர்த்ததாக ஒரு நாளிதழ் வியந்து எழுதியது. அது ஒரே இன்னிங்ஸிலா, இரண்டும் சேர்த்தா என்று அந்தச் செய்தி சொல்லவில்லை; சொல்லியிருந்தால் கிரிக்கெட்டின் முதல் பெரும் சதம் எது என்ற கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்திருக்கும். நான்கு ஆண்டுகள் கழித்து, 1772 ஜூன் 24, 25 நாட்களில் பிராட்ஹாஃபென்னி டவுனில், ஹாம்பிள்டன் கழகம் திரட்டிய ஹேம்ப்ஷயர் அணி இங்கிலாந்து அணியை எதிர்த்து ஆடியது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் எடுத்த ஓட்டங்கள் தனித்தனியே பதிவாகி நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய ஆட்டங்களில் இது மிகப் பழையவற்றுள் ஒன்று. முதல்தரக் கிரிக்கெட்டின் கணக்கை இந்த ஆட்டத்திலிருந்தே தொடங்கும் புள்ளிவிவர ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். முதல் இன்னிங்ஸில் ஹேம்ப்ஷயர் எடுத்த 146இல் 78 ஸ்மாலுடையது. அணி வென்றது 53 ஓட்ட வித்தியாசத்தில்.

மேலே சொன்ன கையொப்பத் தாள் இவ்விரண்டுக்கும் இடையில் வருகிறது. 1771 செப்டம்பர் 23ஆம் நாள் செர்ட்ஸி அணிக்கும் ஹாம்பிள்டனுக்கும் நடந்த ஆட்டத்தில், ரைகேட் ஊரைச் சேர்ந்த ஒயிட் என்பவர் விக்கெட்டின் முழு அகலத்தையும் மறைக்கும் அளவுக்கு அகலமான ஒரு மட்டையுடன் ஆட வந்து நின்றார். அதைத் தடுக்க அன்றைய விதிகளில் எதுவும் இல்லை. ஹாம்பிள்டன் ஒரே ஓட்டத்தில் வென்றது. ஆனாலும் வெற்றி பெற்றோம், போகட்டும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. இரண்டு நாள் கழித்து, இனி மட்டையின் அகலம் நாலேகால் அங்குலம் மட்டுமே என்று எழுதி, வேகப்பந்து வீச்சாளர் தாமஸ் பிரெட், தலைவர் ரிச்சர்ட் நைரன், ஜான் ஸ்மால் மூவரும் கையொப்பமிட்டார்கள். அந்த மூவரின் தேர்வை எண்ணிப் பாருங்கள்: அநீதிக்கு உள்ளான பந்துவீச்சாளர் ஒருவர், பொறுப்பான தலைவர் ஒருவர், மட்டையாளரும் மட்டை செய்பவருமான ஒருவர். அகலமான மட்டைக்கு அனுமதி இருந்திருந்தால் ஸ்மாலைப் போன்ற தடுப்பாட்டக்காரருக்குத்தான் அதிக லாபம். மட்டை விற்பவருக்கும் அதில் நட்டம் ஏதுமில்லை. ஆயினும் அவர் கையொப்பமிட்டார். கழகத்தில் ஓர் இரும்புச் சட்டகம் செய்து வைத்து, சந்தேகத்துக்குரிய மட்டையை அதற்குள் நுழைத்துப் பார்த்தார்களாம். 1774இல் லண்டனில் விதிகள் திருத்தப்பட்டபோது இந்த அளவு விதியாகவே ஏறியது. இரண்டரை நூற்றாண்டுகள் கடந்தும் அது மாறவில்லை.

இனி அந்தப் புகழ்பெற்ற நாள்: 1775 மே 22. இடம் லண்டனின் ஆர்ட்டிலரி கிரவுண்ட். அது பதினொருவர் ஆட்டம் அன்று. ஹாம்பிள்டன் ஐவருக்கும் கென்ட் ஐவருக்கும் நடந்த, ஒரு நேரத்தில் ஒரே மட்டையாளர் மட்டும் நின்று ஆடும் ஒற்றை விக்கெட் ஆட்டம். கென்ட் அணிக்காகப் பந்து வீச அழைத்துவரப்பட்டவர், சரே மாவட்டத்தைச் சேர்ந்த எட்வர்ட் ஸ்டீவன்ஸ்; எல்லோரும் அவரை 'லம்பி' என்றே அழைத்தார்கள். டாங்கர்வில் பிரபுவின் தோட்டத்தில் வேலை பார்த்த இவர், குறி தவறாமல் வீசுவதில் ஈடற்றவர். தரையில் ஓர் இறகை வைத்து, நான்கு பந்துகளுக்குள் அதன் மேல் பந்தைக் குத்திக் காட்டி, தம் பிரபுவுக்கு 100 பவுன் பந்தயம் வென்று கொடுத்தவர். ஆடுகளம் அமைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கிடைத்தால், பந்து குத்தும் இடத்தில் மேடு இருக்குமாறு பார்த்து நடச்செய்வார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

ஹாம்பிள்டனின் கடைசி மட்டையாளராக ஸ்மால் உள்ளே போனபோது வெற்றிக்கு இன்னும் 14 ஓட்டங்கள் தேவை. ஐவர் ஆட்டத்தில், மறுமுனையில் துணையே இல்லாமல், அன்றைய இங்கிலாந்தின் மிகச் சிறந்த பந்துவீச்சாளருக்கு எதிராகப் 14 ஓட்டங்கள் என்பது சின்ன எண் அன்று. ஸ்மால் தடுத்தார், பொறுத்தார், ஒவ்வொன்றாகச் சேர்த்தார். அதற்கிடையே மூன்று முறை லம்பியின் பந்து மட்டையைக் கடந்து, இரண்டு குச்சிகளுக்கு நடுவே, பெயிலைத் தொடாமலேயே புகுந்து பின்னால் போயிற்று. ஆறு அங்குல இடைவெளியில், விட்டம் மூன்று அங்குலத்துக்கும் சற்றுக் குறைவான ஒரு பந்து புகுந்து போவதில் வியப்பில்லை. வியப்பு வேறொன்றில் இருக்கிறது: குறி சற்றே தப்பிய பந்து குச்சியில் பட்டு விக்கெட் விழும், நூல் பிடித்தாற்போல் நட்டநடுவே வந்த பந்துக்கு ஒன்றுமில்லை. மிகச் சிறந்த பந்துக்குத்தான் தண்டனை. ஸ்மால் நின்று 14 ஓட்டங்களையும் எடுத்தார். ஹாம்பிள்டன் ஒரு விக்கெட்டில் வென்றது.

தோற்ற அணியின் குமுறலாக இது முடிந்துபோயிருக்கலாம். ஆனால் லம்பிக்கு நேர்ந்தது நியாயமன்று என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்; நடுவில் மூன்றாவது குச்சியை நடுவதென்று முடிவாயிற்று. எல்லா மைதானங்களுக்கும் அது போய்ச் சேரச் சில காலம் பிடித்தது. இந்த நிகழ்ச்சியைப் பிற்காலத்தார்க்கு விரிவாகச் சொன்னவர் தலைவர் நைரனின் மகன் ஜான் நைரன். 1833இல் அச்சேறிய அவருடைய நினைவுகள்தான் ஹாம்பிள்டன் ஆட்டக்காரர்களுக்கு முகமும் குரலும் தந்தன. 1775இல் அவர் பத்து வயதுச் சிறுவர் என்பதை மறக்கக் கூடாது. எனினும், அவர் ஸ்மாலைப் பற்றிச் சொல்லும்போது அதிர்ஷ்டத்தைப் பேசவில்லை, ஆற்றலையே பேசுகிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். மூன்று பந்துகள் நடுவே புகுந்தன என்பது உண்மை. அவற்றைத் தவிர மற்ற எல்லாப் பந்துகளையும் ஸ்மாலின் மட்டை நிறுத்தியது என்பதும் அதே அளவு உண்மை; அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

அதற்குப் பின் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை நடுவில் பிராட்ஹாஃபென்னி டவுனில் சரே அணிக்கு எதிராக ஹேம்ப்ஷயர் இரண்டாவது இன்னிங்ஸ் ஆடியபோது ஸ்மால் 136 ஓட்டங்கள் எடுத்தார். பெரிய அணிகளுக்கு இடையிலான ஆட்டத்தில் ஐயத்துக்கு இடமின்றிப் பதிவாகியிருக்கும் முதல் சதம் இதுவே. அதே இன்னிங்ஸில் ரிச்சர்ட் நைரன் 98இல் நின்றுபோனார். சிறிய அணிகளின் ஆட்டத்தில் 1769இலேயே ஜான் மின்ஷல் என்பவர் 107 எடுத்திருக்கிறார் என்பதையும் நேர்மையாகக் குறிப்பிட்டுவிட வேண்டும். ஆனால் அகலத்தைக் கட்டுப்படுத்திய மட்டை, எழும்பி வரும் பந்து, பதப்படுத்தாத புல்வெளி ஆகிய இவ்வளவையும் வைத்துக்கொண்டு, 38 வயதில், தம் கையால் செதுக்கியதாகவே இருக்கக்கூடிய ஒரு மட்டையால் 136 எடுத்த அந்த நாளைத்தான் நான் அவருடைய நாள் என்பேன்.

ஓட்டம் எடுக்கும் முறையிலும் அவர் ஒரு புதுமையைக் கொண்டுவந்தார். பந்தைத் தொலைவுக்கு அடித்துவிட்டு ஓடுவதே வழக்கமாக இருந்த காலத்தில், பந்தை அருகிலேயே தட்டிவிட்டு, தடுப்பவர் வந்து எடுப்பதற்குள் ஓர் ஓட்டம் எடுத்துவிடலாம் என்று கண்டு, அதைத் தொடர்ந்து செய்து காட்டிய முதல் மனிதர் ஸ்மால் என்று இளைய நைரன் உறுதியாகச் சொல்கிறார். எந்தப் பந்துக்கு ஓடலாம், எதற்கு ஓடக் கூடாது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுப்பாராம். பவுண்டரிகளை மட்டும் தொகுத்துப் பார்க்கும் இன்றைய பழக்கத்தில் இந்தக் கலைக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

பின்னைய ஆண்டுகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 1787இல் லண்டனில் மேரில்போன் கிரிக்கெட் கழகம் தோன்றியதும், பணமும் பிரபுக்களும் தலைநகரின் பக்கம் நகர்ந்தார்கள். ஹாம்பிள்டன் கழகம் மெல்லத் தேய்ந்து, 1796 செப்டம்பர் கூட்டத்தின் பதிவேட்டில் கனவான்கள் எவரும் வரவில்லை என்ற குறிப்போடு முடிந்துபோயிற்று. ஸ்மால் அதற்குப் பிறகும் ஆடினார். 1765இல் பிறந்த அவருடைய மகனும், தந்தையின் பெயரையே தாங்கி, பெரிய ஆட்டங்களில் இடம்பெற்றார்; தந்தையும் மகனும் ஒரே அணியில் இறங்கிய நாட்கள் உண்டு. 1798இல், 61 வயதில், மூத்தவர் பெரிய ஆட்டங்களிலிருந்து விலகினார். 1826 டிசம்பர் 31ஆம் நாள், 89 வயதில், பீட்டர்ஸ்ஃபீல்டிலேயே இறந்தார். கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி வீசும் புதிய பந்துவீச்சைச் சோதித்துப் பார்க்க சசெக்ஸும் இங்கிலாந்தும் மூன்று ஆட்டங்கள் ஆடியது அதற்கு அடுத்த ஆண்டில்தான்.

அவருடைய இன்னொரு பற்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஸ்மால் நல்ல இசைக் கலைஞர். வயலினைத் தாமாகவே கற்றுக்கொண்டு, பீட்டர்ஸ்ஃபீல்டு தேவாலயப் பாடகர் குழுவில் நெடுங்காலம் வாசித்தவர். ஒருமுறை இசை நிகழ்ச்சிக்காக வாத்தியத்துடன் வயல் வழியே போனபோது காளை ஒன்று சீறி வர, அவர் ஓடாமல் நின்று வாசிக்கத் தொடங்கினார். காளை அடங்கி நின்றுவிட்டது என்று ஒரு கதை வழங்குகிறது. லம்பியின் பந்துகளுக்கு முன்னால் அசையாமல் நின்றவர் என்பதால் எனக்கு அதை நம்புவதில் சிரமம் இல்லை. கிரிக்கெட்டுக்குப் பெரும் ஆதரவாளராக இருந்த டோர்செட் கோமகன், ஸ்மாலின் இசைப் பற்றை அறிந்து, நேர்த்தியான வயலின் ஒன்றைப் பரிசாக அனுப்பினார். அதைக் கொண்டுசேர்க்கும் கூலியையும் தாமே கொடுத்துவிட்டார். பீட்டர்ஸ்ஃபீல்டிலிருந்து பதிலுக்கு ஒரு பொதி போயிற்று. உள்ளே ஸ்மால் தம் கையால் செய்த இரண்டு மட்டைகளும் சில பந்துகளும் இருந்தன. கோமகன் செய்தது போலவே, அனுப்பும் கூலியையும் ஸ்மால் கட்டியிருந்தார்.